எரிந்தால் வேலை செய்கிறது என்று யார் சொன்னது?

இந்த மாதம் இன்னொரு எலுமிச்சை முகம்: நிறம் கூடும் என்று வீடியோ பார்த்து எலுமிச்சைச் சாறு பூசிக்கொண்டவர். சாறு வழிந்த தடம் அப்படியே, கன்னத்திலிருந்து தாடை வரை பழுப்புக் கோடாகப் பதிந்திருக்கிறது. தேய்த்த விரல்களிலும் அதே கறை. "எரிஞ்சுது டாக்டர். எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு வீடியோவுல சொன்னாங்க."

எரிந்தால் தோல் புண்ணாகிறது என்று பொருள். அவ்வளவுதான்! தோலின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவுகோல், எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) ஏறக்குறைய 5, எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டியது. அந்த அளவுகோலில் ஒரு படி என்றால் பத்து மடங்கு. மூன்று படி வித்தியாசம் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். பேக்கிங் சோடா இதற்கு நேர் எதிர்ப்பக்கம், 8-க்கும் மேல். இரண்டையும் கலந்து பூசச் சொல்லி, நுரைத்து வருவதை 'அழுக்கு வெளியேறுகிறது' என்கிறார்கள். அது கார்பன் டை ஆக்சைடு.

"வைட்டமின் சி இருக்கே?" இருக்கிறது, துளியூண்டு. சிட்ரிக் அமிலம்தான் அதைப்போல நூறு மடங்கு.

இதைவிடப் பெரிய வம்பு வெயிலில். எலுமிச்சை வகைகளில் சோராலென் உண்டு, வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கும் பொருள். (வெண்புள்ளிக்கு நாங்களே கொடுப்பதுதான், ஆனால் மருந்தையும் புற ஊதாக் கதிரையும் அளந்து.) பூசிக்கொண்டு வெயிலில் போனால் ஓரிரு நாளில் சிவந்து கொப்புளிக்கும், அந்தக் கருமை மாதக்கணக்கில் நிற்கும். நிறம் கூடுவதற்காகப் பூசி, கருத்துப்போய் வருகிறார்கள். 'இயற்கைதானே' என்ற சமாதானம் வேறு. அரளியும் இயற்கைதான்.

பூசிவிட்டீர்களா? நன்றாகக் கழுவுங்கள், வெயிலில் போகாதீர்கள், ஸ்கிரப் போட்டுத் தேய்க்காதீர்கள். கொப்புளம் வந்தால் உடைக்காமல் வந்து காட்டுங்கள்.

பருவில் பற்பசை வேண்டாம். ஆவி பிடித்தால் சருமத் துளை திறக்காது, ஐஸ் வைத்தால் மூடாது. அதற்குக் கதவு கிடையாது. ஒரே வாரத்தில் வெளுப்பாக்கும் கிரீமில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். நிறுத்தியதும் முகம் சிவந்து, பருக்கள் கிளம்பும். பெட்டியில் என்னென்ன கலந்திருக்கிறது என்று போடாத எதையும் தொடாதீர்கள்.

உருப்படியாக ஒன்று செய்வதென்றால் சன்ஸ்கிரீன் போடுங்கள். எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு) 30-க்குக் குறையாமல், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி, வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கொரு முறை. ஜன்னலோரம் உட்காருபவர்களுக்கும்தான், வெயிலில் உள்ள புற ஊதா ஏ கதிர் கண்ணாடியைத் தாண்டி வரும்.

ஒரு வேண்டுகோள். எங்களிடம் வரும்போது பூசிய எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்து வாருங்கள். திட்டுவேன் என்று எதையும் மறைக்காதீர்கள். திட்டுவேன்தான், ஆனால் மருந்தும் சரியாக எழுத முடியும்.