புல்டாக்கில் இருப்பது எந்தப் ‘புல்’?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகளின் கேட்டில் நாய்ப்படம் போட்ட பலகை தொங்குகிறது. ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை, அதன்கீழ் ஆஃப்ரிகான்ஸில் ‘பாசோப் ஃபிர் டி ஹொண்ட்’, சில வீடுகளில் ஜூலுவில் ‘கபேலா இன்ஜா’. 1860-இல் ட்ரூரோ கப்பல் தொடங்கிச் சென்னையிலிருந்து டர்பனில் வந்து இறங்கியவர்களின் வழிவந்த குடும்பங்கள் நிறைந்த பகுதிதான். ஆனாலும் ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்று தமிழில் எழுதிய பலகையை இங்கே நான் பார்த்ததில்லை. திருடனுக்குத் தமிழ் தெரியாது என்ற எண்ணமாக இருக்கலாம்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் வீட்டுப் பிராணியைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னேன். ஒரு பையன், ‘எங்கள் வீட்டில் ஒரு புல் நாய் இருக்கிறது’ என்று எழுதியிருந்தான். புல் தின்னுமா என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. பக்கத்திலிருந்த பெண், “புல் இல்லை சார், காளை நாய்” என்று திருத்தினாள். அவன் வீட்டில் இருப்பது புல் டெரியர். அதைக் காளை நாய் என்பதும் சரியில்லை. ஏன் சரியில்லை என்று சொல்லப் போய், அன்றைய பாடமே அதுவாகிவிட்டது.

முதலில் புல்டாக். இதில் வரும் ‘புல்’ காளைதான், சந்தேகமில்லை. ஆனால் காளையைப் போன்ற நாய் என்று பொருள் கொள்ளக்கூடாது. காளையின் மேல் ஏவிவிட்ட நாய் அது. இங்கிலாந்தில் ஊர்ப் பொதுவிடத்தில் முளை அடித்து, காளையைக் கயிற்றில் கட்டி, நாய்களை அவிழ்த்துவிடுவார்கள். நாய் தாழப் பதுங்கிப் போய்க் காளையின் மூக்கைக் கவ்வ வேண்டும், கவ்வினால் விடக்கூடாது. சுற்றி நின்று பந்தயம் கட்டுவார்கள். அப்படி அலைக்கழித்த காளையின் இறைச்சிதான் மிருதுவாக இருக்கும் என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. 1630களின் தொடக்கத்தில் ஸ்பெயினின் சான் செபாஸ்டியனிலிருந்து லண்டனுக்குப் போன ஒரு கடிதம், நல்ல புல்டாக் இரண்டு வாங்கி அனுப்பும்படி கேட்கிறது. அப்போதே அது கேட்டு வாங்கும் சரக்காக இருந்திருக்கிறது.

நம் ஊரில் காளையைத் தழுவப் பாய்ந்தவன் மனிதன். ஏறுதழுவுதல் என்றே பெயர். அங்கே அந்த வேலையை நாயிடம் கொடுத்துவிட்டு மனிதன் வேலிக்கு வெளியே நின்றுகொண்டான். டச்சுக்காரர்கள் இதே வகை நாயை ‘புல்லபைட்டர்’ என்றார்கள், அதாவது காளையைக் கடிப்பது. இந்தப் பெயரில் குழப்பத்துக்கே இடமில்லை. தமிழில் பெயர் வைப்பதென்றால் இந்த வழியில்தான் போக வேண்டும் என்பது என் கட்சி. ஏறு என்றால் காளை, கவ்வுவது அதன் தொழில். ஆகவே ‘ஏறுகவ்வி’.

1835-இல் இங்கிலாந்து இந்த விளையாட்டைச் சட்டம் போட்டு நிறுத்தியது. அதோடு நாயின் வேலையும் போயிற்று, பெயர் மட்டும் மிஞ்சியது. அப்புறம் வந்தவை நாய்க் கண்காட்சிகள். 1873-இல் நாயினங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் தோன்றியது. பரிசு வாங்குவதற்காகத் தலையைப் பெரிதாக்கி, முகத்தைத் தட்டையாக்கி, காலைக் குட்டையாக்கி வளர்த்தார்கள். முன்னே நீண்ட கீழ்த்தாடை, தொங்கும் கன்னம், மடிப்பு மடிப்பான முகம், ஏறக்குறைய 25 கிலோ எடை என்று இன்று நாம் காணும் புல்டாக் அப்படி உருவானதுதான். காளையின் முன்னால் அதை விட்டால் பாவம், மூச்சு வாங்கியே படுத்துவிடும். குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்பு குறுகல் என்பதால் பெரும்பாலும் அறுவை செய்துதான் குட்டியை எடுக்க வேண்டியிருக்கிறது. டர்பனின் ஜனவரிப் புழுக்கத்தில் நமக்கே தாங்கவில்லை. மூக்கே இல்லாத அந்த நாய் என்ன செய்யும்? நண்பர் ஒருவர் வீட்டில் அதற்கென்று ஒரு மின்விசிறி ஓடுகிறது. அழகாக இருக்கிறது என்று வாங்க நினைப்பவர்கள் கோடையில் ஒரு நாள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சொலியைக் கேட்டுவிட்டு வாங்கட்டும்.

சரி, புல் டெரியர். இந்தப் ‘புல்’ நேராகக் காளையைச் சுட்டவில்லை. புல்டாக் என்பதன் சுருக்கம் அது. புல்டாக்கோடு டெரியரைக் கலந்து பிறந்த இனம் என்பதுதான் பெயரின் பொருள். ‘டெரியர்’ பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் வேர் நிலம் என்று பொருள்படும் லத்தீன் ‘டெர்ரா’. நரியையும் வளைக்கரடியையும் தேடி மண்ணுக்குள் இறங்கும் சிறு வேட்டை நாய்களுக்கு அந்தப் பெயர். எலிவளை, நண்டுவளை என்று நாம் சொல்லும் அதே வளைக்குள் புகுவதால் ‘வளைபுகு நாய்’ எனலாம். இறுகப் பிடிக்கும் புல்டாக்கும் சுறுசுறுப்பான டெரியரும் சேர்ந்தால் நாய்ச்சண்டைக்கு ஏற்ற நாய் கிடைக்கும் என்று கலந்தார்கள். காளை விளையாட்டை நிறுத்தியபின் பந்தயக்காரர்களுக்கு மறைவிடத்தில் நடத்த வசதியாக இருந்தது நாய்ச்சண்டைதான்.

அந்தக் கரடுமுரடான கலப்பைச் சீமான் வீட்டு நாயாக மாற்றியவர் பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹிங்ஸ். 1860களில் வெள்ளை டெரியரைச் சேர்த்துத் தூய வெள்ளை நிறத்தில் ஓர் இனத்தை வளர்த்துக் காட்டினார். முட்டை வடிவத் தலையும் முக்கோணக் கண்ணும் இன்று அதன் அடையாளம். நெற்றியிலிருந்து மூக்குவரை ஒரே சரிவு, நடுவில் பள்ளமே கிடையாது. வெள்ளைக் குட்டிகளில் சில காது கேளாமல் பிறக்கும், வாங்கும்போது கை தட்டிப் பார்ப்பது போதாது, மருத்துவரிடம் சோதிப்பது நல்லது. இந்த நாய்க்கும் காளைக்கும் எந்தக் காலத்திலும் நேரடி வழக்கு இல்லை. ஆகவே ‘காளை நாய்’ தவறு.

மாஸ்டிஃப் என்ற பெரிய காவல் நாயின் பெயரில் ‘புல்’ இல்லை, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த சொல் வரலாறு அதனுடையதுதான். பழைய பிரெஞ்சில் ‘மாஸ்டின்’, அதற்கும் பின்னால் லத்தீன் ‘மான்சுவேட்டஸ்’. கைக்குப் பழகியது, சாதுவானது என்று பொருள். கன்றுக்குட்டி அளவு நாய்க்குச் சாது என்று பெயர்! வீட்டோடு வளர்ந்த நாய் என்பதுதான் முதல் கருத்து. உருவத்துக்கும் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. ஸோர்பா என்ற ஆங்கில மாஸ்டிஃப் 1989-இல் 155 கிலோவுக்கு மேல் எடை காட்டிக் கின்னஸில் ஏறியது. 16-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் இதைக் ‘கட்டுநாய்’ என்று பொருள்படும் ‘பான்டாக்’ என்றும் அழைத்தார்கள். பகலில் சங்கிலி, இரவில் அவிழ்த்துவிடுவது. நம் தெருவில் இன்றும் அதே நடைமுறைதான். தமிழில் ‘மனைக்காவல் நாய்’ என்றால் பழைய பொருளும் வந்துவிடும், செய்யும் வேலையும் வந்துவிடும். பருமனையும் சொல்லியாக வேண்டும் என்பவர்கள், சங்கப் பாட்டின் வயப்புலி, வயமான் போல ‘வயநாய்’ எனலாம். வயம் என்றால் வலிமை.

தென்னாப்பிரிக்காவுக்கென்றே ஒரு நாய் உண்டு, போயர்புல். ‘போயர்’ என்றால் ஆஃப்ரிகான்ஸில் உழவர். பின்பாதி, புல்டாக் வகைப் பெரிய நாய்க்கு அவர்கள் வழங்கும் சொல். ஆஃப்ரிகான்ஸ்காரர் வாயில் அந்த உகரம் நெடிலாகும். அதை அப்படியே தமிழில் எழுதினால் வகுப்பில் ஒரு பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொல்ல முடியாது. அதனால் ‘போயர்புல்’ என்றே வைத்துக்கொள்வோம். 1652-இல் டச்சுக்காரர் யான் ஃபன் ரீபெக் நன்னம்பிக்கை முனையில் இறங்கியதிலிருந்து ஐரோப்பாவிலிருந்து வந்த பெரிய நாய்கள் ஒன்றோடொன்று கலந்து, பண்ணையையும் ஆடுமாடுகளையும் காத்து உருவான இனம். ஆண் நாய் 65 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். முறையாகப் பதிவு செய்து வளர்க்க 1983-இல் சங்கம் அமைத்தார்கள். அமெரிக்க கென்னல் கிளப் 2015-இல் இதை ஏற்றுக்கொண்டது. டென்மார்க்கோ 2010-இலேயே தடை செய்துவிட்டது. ‘பண்ணைக்காவல் நாய்’ என்பது இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

பெயர்க் குழப்பம் வெறும் இலக்கணச் சண்டை இல்லை என்பதை 2022-இல் பார்த்தோம். பிட் புல் நாய்கள் தாக்கிக் குழந்தைகள் இறந்தபின் அவற்றைத் தடை செய்யச் சொல்லி நாடெங்கும் குரல் எழுந்தது. அந்தப் பயத்தில் ஸ்டஃபி என்னும் ஸ்டாஃபோர்ட்ஷயர் புல் டெரியர் வைத்திருப்பவர், போயர்புல் வைத்திருப்பவர் எல்லோரும் அக்கம்பக்கத்தாரின் வாயில் ‘பிட் புல்காரர்’ ஆனார்கள். ‘பிட்’ என்றால் நாய்ச்சண்டை நடத்தும் குழி. இந்தப் ‘புல்’லும் புல்டாக்கின் மிச்சம்தான். சண்டைக்கு வளர்த்த நாயையும் மாட்டைக் காக்க வளர்த்த நாயையும் ஒரே சொல்லுக்காக ஒரே கூண்டில் அடைத்தால் யாருக்கு என்ன லாபம்? நாய்ச்சண்டை இங்கே சட்டப்படி குற்றம் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன்.

நடைமுறையில் பேசும்போது புல்டாக், புல் டெரியர், மாஸ்டிஃப் என்றே சொல்லுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. ராஜபாளையத்தையும் கோம்பையையும் உலகம் அப்படியே தானே சொல்கிறது. கட்டுரையிலோ பாடத்திலோ பொருள் விளங்க எழுத வேண்டுமானால் ஏறுகவ்வி, மனைக்காவல் நாய் போன்றவை உதவும். புல் டெரியருக்கு ‘ஏறுகவ்விக் கலப்பு’ என்று நான் ஒன்று சொல்லிப் பார்த்தேன். நாக்குச் சுளுக்கிக்கொள்ளும் என்று பையன்கள் ஒரே குரலில் நிராகரித்தார்கள். அவர்கள் சொன்னதும் சரிதான்.

குட்டிக்கு மட்டும் அவர்களுக்கு ஒரு நல்ல சொல் கிடைத்தது. தொல்காப்பியம் நாய்க்குட்டியைக் ‘குருளை’ என்கிறது. உடனே பெட்டை நாய்க்கு என்ன என்று கேட்டார்கள். ‘பாட்டி என்ப பன்றியும் நாயும்’ என்று அதே நூலில் இருக்கிறது. அதையும் சொல்லிவிட்டு, வீட்டில் போய்ப் பாட்டியிடம் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மூன்று பாட்டிகள் என்னைத் தேடி வந்தார்கள்.