பாலிஸ்டிக் சோதனை: தமிழில் என்ன சொல்லலாம்?

‘கவச வாகனத்தின் தகடு பாலிஸ்டிக் சோதனைக்கு உட்படுத்தப்பட்டது’ என்று செய்தியில் ஒரு வரி வருகிறது. ஹட்டன் தேநீர்க் கடையில் அதை வாசித்தவர் ‘வாகனத்துக்கு ஏவுகணை அடித்தா பார்த்தார்கள்?’ என்று கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. பாலிஸ்டிக் என்றதும் ஏவுகணைதான் ஞாபகம் வரும் அளவுக்குச் செய்திகள் நம்மைப் பழக்கிவிட்டன.

வேர் எளியது. கிரேக்கத்தில் ‘பல்லெய்ன்’ என்றால் எறிதல். அதிலிருந்து லத்தீனில் ‘பலிஸ்டா’ வந்தது. முறுக்கிய கயிற்றின் விசையால் கல்லையும் பெரிய அம்பையும் எறிந்த போர்ப் பொறி அது. நம் பக்கத்தில் இணை தேடினால் சிலப்பதிகாரத்தில், மதுரைக் கோட்டையின் காவற்பொறிகளைச் சொல்லும் இடத்தில், ‘கல்லுமிழ் கவண்’ இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் மாங்காய்க்குக் குறிவைக்கும் ‘கெட்டபோல்’ கூட கிரேக்கத்தில் தொடங்கி ஆங்கிலம் வழியாக வந்த சொல்தான். சரி, ஏவுகணைக்கும் இதற்கும் என்ன உறவு? இயந்திரம் அணைந்த பிறகு, எறிந்த கல்லைப் போல, இருக்கிற வேகத்தோடும் புவியீர்ப்போடும் பறப்பதால் அதற்கு அந்த அடைமொழி. அவ்வளவுதான்.

எறிந்த பொருளின் இயக்கத்தை ஆராயும் ‘பாலிஸ்டிக்ஸ்’ துறைக்குத் தமிழில் ‘எறியியல்’ என்பது பொருத்தமான பெயர். உயர்தரப் பௌதிகவியல் படித்தவர்களுக்கு, எறியப்படும் பொருளைக் குறிக்கும் ‘எறியம்’ தெரியும், அதே குடும்பம். சிலர் ‘எறிகணையியல்’ என்று எழுதுகிறார்கள். இலங்கையில் அது சரிவராது. எறிகணை என்றால் நமக்கு ஷெல். அந்தச் சொல்லை இந்த நாட்டில் யாருக்கும் அகராதி பார்த்து விளக்க வேண்டியதில்லை.

எறியியலில் மூன்று கட்டம் உண்டு: துவக்குக் குழலுக்குள் நடப்பது, காற்றில் நடப்பது, பட்ட இடத்தில் நடப்பது. கவசப் பொருள்களின் சோதனை இந்த மூன்றாவதைச் சேர்ந்தது. ஆனால் பட்ட இடத்தில் நடந்ததை அளக்க, பட்டபோது இருந்த வேகம் தெரிய வேண்டுமே! 1742இல் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் அதற்கு ஒரு வழியை வெளியிட்டார். தொங்கும் கட்டை ஒன்றில் சுட்டு, அது எவ்வளவு தூரம் ஊசலாடுகிறது என்று பார்த்துக் கணக்கிடுவது. இன்றும் உந்தக் காப்புக்குப் பள்ளியில் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள். 10 கிராம் சன்னம் (துவக்கில் இருந்து வரும் ரவை) 400 மீ/செ வேகத்தில் வந்து 2 கிலோ கட்டையில் புதைந்தால், கட்டை ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயரும்.

இப்போது ஊசல் இல்லை, ஒளித்திரைகள் வேகத்தை அளக்கின்றன. அசையாமல் பொருத்திய சோதனைக் குழலில் இருந்து எஃகு, பீங்கான், அரமிட் எனும் வலுவான செயற்கை இழை போன்றவற்றால் செய்த பலகை மீது சுடுவார்கள். பலகைக்குப் பின்னால், ஒரு சாண் கூட இல்லாத தூரத்தில், அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள அலுமினியத் தகடு நிற்கும். இதுதான் சாட்சி. சன்னமோ பலகையில் இருந்து தெறித்த துணுக்கோ அந்தத் தகட்டில் ஓட்டை போட்டு, அதன் வழியே வெளிச்சம் தெரிந்தால் முழுத் துளைப்பு. தெரியாவிட்டால் பகுதித் துளைப்பு. வெடிமருந்தின் அளவைக் கூட்டிக் குறைத்துத் திரும்பத் திரும்பச் சுட்டு, பாதிக்குப் பாதி வாய்ப்பில் துளைக்கும் வேகத்தைக் கண்டுபிடிப்பார்கள். ‘வீ 50’ என்பது அந்த வேகம்.

இதைப் புரிந்துகொண்டால் ‘குண்டு துளைக்காத வாகனம்’ என்ற வழக்கு எவ்வளவு தளர்வானது என்று தெரியும். துளைக்காத பொருள் என்று ஒன்று கிடையாது. எந்தச் சன்னம், என்ன வேகம், எந்தக் கோணம் என்று கேட்க வேண்டும். நேட்டோவின் 4569 தரநிர்ணயத்தில் முதல் நிலை, 7.62 மி.மீ. சாதாரணச் சன்னத்தை 833 மீ/செ வேகத்தில் தாங்குவது. நான்காம் நிலைக்கு 14.5 மி.மீ. கவசத் துளைப்புச் சன்னத்தை 911 மீ/செ வேகத்தில் தாங்க வேண்டும். முதல் நிலை வாகனம் நான்காம் நிலைச் சன்னத்தின் முன் நிற்காது. போதாததற்கு, இலங்கைத் தமிழில் குண்டு என்றால் முதலில் வெடிகுண்டுதான். ஆகவே என் தெரிவு ‘சன்னம் தாங்குதிறன் சோதனை’. துணுக்குகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய தொழில்நுட்பக் கட்டுரையில் ‘எறியத் தாங்குதிறன் சோதனை’ என்று எழுதலாம். நீளம்தான், ஆனால் சோதிக்கப்படுவது சன்னம் அல்ல, பொருள் என்பது அதில் தெளிவாக இருக்கிறது.

கண்ணிவெடி விஷயம் வேறு. நம் செய்தித்தாள்கள் ‘பவள் கவச வாகனம்’ என்று எழுதியது தென்னாப்பிரிக்காவின் ‘பஃபல்’. ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் எருமை என்று பொருள். அந்த வாகனத்தின் அடிப்பகுதி ‘வீ’ வடிவத்தில் இருப்பது, கீழே வெடிக்கும் கண்ணிவெடியின் விசையை இருபக்கமும் விலக்கிவிட. அதைச் சோதிப்பது ‘வெடிப்புத் தாங்குதிறன் சோதனை’. இதையும் பாலிஸ்டிக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

இன்னொரு குழப்பம் நீதிமன்றச் செய்திகளில் வரும். பன்றிக்குக் கட்டிய கட்டுத்துவக்கில் ஆள் அடிபட்டு, அந்தத் துவக்கு அரச பகுப்பாய்வுக்குப் போனால், ஆங்கிலப் பத்திரிகை அதையும் பாலிஸ்டிக் சோதனை என்றே எழுதலாம். அங்கே பார்ப்பது, துவக்கு இயங்குகிறதா, கிடைத்த சன்னம் அதில் இருந்து வந்ததா என்பதை. அதற்கு ‘துவக்குத் தடயப் பரிசோதனை’ என்றால் போதும்.