தானே அழுத்திக்கொள்ளும் பிரேக்

செவர்லே 1999-ல் சில்வராடோ 1500 பிக்கப்பை நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக்கோடு (சுழலும் தட்டை இருபுறமும் பேடுகள் கவ்வும் வகை) கொண்டுவந்தது. 2005-ல் அந்த வரிசையின் பல மாடல்களில் பின்னால் மறுபடியும் டிரம் பிரேக் (சுழலும் கிண்ணத்தை உள்ளிருந்து அழுத்தும் வகை) வந்து உட்கார்ந்துகொண்டது. டொயோட்டா டகோமா 2023 மாடல் வரை பின்னால் டிரம்மோடுதான் ஓடியது. போக்ஸ்வாகனின் ஐடி.4 மின்சாரக் காரிலும் பின் பிரேக் டிரம்தான். விலை குறைவு என்பது ஒரு காரணம். ஆனால் டிரம்முக்குள் நடக்கும் வேலையைப் பார்த்தால், விலையைத் தாண்டியும் அதில் விஷயம் இருக்கிறது. பழைய பிக்கப்பின் பின் பிரேக்கைப் பிரிக்க நினைப்பவர் அதைப் புரிந்துகொண்டு ஸ்பேனரைத் தொட்டால் பாதி வேலை மிச்சம்.

1970, 80-களின் அமெரிக்கப் பிக்கப்பான செவர்லே சி10-ஐ எடுத்துக்கொள்வோம். முன்னால் டிஸ்க், பின்னால் சுமார் 11 அங்குல டிரம். டிரம்மைக் கழற்றினால் பிறை வடிவில் இரண்டு ஷூ தெரியும். இரண்டின் மேல்முனைக்கும் நடுவே, பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் பிஸ்டனைத் தள்ளும் வீல் சிலிண்டர். அதற்கு மேலே அசையாத ஒரு தடிமனான முளை. ஆங்கர் பின் என்பார்கள். கீழ்முனைகளை, பல்சக்கரத்தைத் திருப்பி நீளத்தை மாற்றக்கூடிய ஸ்டார் வீல் அட்ஜஸ்டர் இணைக்கிறது. இந்த அட்ஜஸ்டர், ஷூக்களுக்குப் பின்னால் உள்ள அசையாத தகடான பேக்கிங் பிளேட்டில் எங்கும் திருகப்பட்டிருக்காது, சும்மா மிதந்துகொண்டிருக்கும். சூட்சுமமே அங்கேதான்.

பெடலை மிதித்ததும் வீல் சிலிண்டர் இரண்டு ஷூக்களையும் வெளியே தள்ளுகிறது. முன்பக்க ஷூ சுழலும் டிரம்மைத் தொட்டதுமே டிரம் அதைத் தன்னோடு கீழ்நோக்கி இழுக்கிறது. இழுபட்ட ஷூ அட்ஜஸ்டரைப் பின்னால் தள்ளுகிறது; அட்ஜஸ்டர் பின்பக்க ஷூவை மேலே தள்ளுகிறது; பின்பக்க ஷூ ஆங்கர் பின்னில் முட்டி, டிரம்மோடு இறுகிக்கொள்கிறது. கதவுக்கு அடியில் செருகிய ஆப்பு, கதவைத் தள்ளத் தள்ள இன்னும் இறுகுவது மாதிரிதான். வண்டி ஓடும் வேகமே பிரேக்கை அழுத்தும் விசையின் பெரும்பகுதியைத் தருகிறது. டியூவோ-சர்வோ என்று இந்த அமைப்புக்குப் பெயர். டிஸ்க் பிரேக்கில் காலிபர் (பேடுகளை அழுத்தும் கவ்வி) அழுத்தும் விசையில் ஏறக்குறைய முக்கால் பங்குதான் உராய்வு விசையாகக் கிடைக்கும். டியூவோ-சர்வோவில் அது நான்கைந்து மடங்காகப் பெருகும். பவர் பிரேக் இல்லாத காலத்து கனமான வண்டிகளைக் காலால் நிறுத்த முடிந்ததற்கும், மெலிந்த கேபிளை இழுத்தே ஹேண்ட் பிரேக் பிடிப்பதற்கும் இதுதான் காரணம்.

சரி, பெருக்கும் இயந்திரம் நல்லதை மட்டுமா பெருக்கும்? லைனிங்கின் (உராய்வதற்காக ஒட்டிய பட்டை) உராய்வு கொஞ்சம் கூடினால் டிஸ்க்கில் பிரேக் விசையும் அதே விகிதத்தில் கூடும். டியூவோ-சர்வோவில் அந்த விகிதத்தைத் தாண்டிக் கூடும். ஒரு பக்க லைனிங்கில் துளி எண்ணெய், இன்னொரு பக்கத்தில் ராத்திரிப் பனியில் பூத்த துரு, இடதுக்கும் வலதுக்கும் வேறு வேறு கம்பெனி ஷூ என்று எல்லாமே சாலையில் பல மடங்காகத் தெரியும். காலையில் முதல் முறை மிதிக்கும்போது பின் சக்கரம் வெடுக்கென்று பிடிப்பதும் இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

அதனால் டிரம் பிரேக் பழுது என்பது பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்களைச் சரியாக வைக்கும் வேலை. முதலில் தூசு. அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. இப்போதும் எதில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஏர் அடித்து ஊதும் பழக்கத்தை விட்டுவிட்டு, ஈரமாக நனைத்துத் துடைப்பதே நுரையீரலுக்கு நல்லது. அப்புறம் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாக விலக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே ஈரம் பளபளத்தால், ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் கப் போய்விட்டது. பிரேக் ஆயில் ஊறிய லைனிங்கைக் கழுவி மறுபடி மாட்டுகிறவர்கள் உண்டு. வேண்டாம்; உள்ளே ஊறியது சூடானதும் வெளியே வரும். ஈரம் கெட்டியாகவும் கியர் ஆயில் நாற்றத்தோடும் இருந்தால் வீல் சிலிண்டரில் குற்றமில்லை, ஆக்சில் சீல் ஒழுகுகிறது. அதை மாற்றாமல் புது ஷூ போடுவது காசைக் கரியாக்குவது.

டிரம்மில் வரி விழுந்திருந்தால் லேத்தில் கடையலாம், ஆனால் அளவு உண்டு. டிரம்மிலேயே அதிகபட்ச விட்டம் வார்த்திருப்பார்கள். இந்த அளவு டிரம்மில் கடைவதற்கான எல்லை பொதுவாக ஆரம்ப விட்டத்தைவிட 0.060 அங்குலம், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதல். கடைந்த டிரம்மில் இன்னொரு சிக்கல் வரும். டிரம்மின் வளைவு பெரிதாகிவிட்டது, புது ஷூவின் வளைவோ பழைய அளவில். நடுவில் மட்டும் தொடும். பழைய பட்டறைகளில் ஷூவை டிரம்முக்கு ஏற்ப வளைவாகத் தேய்த்துக் கொடுப்பார்கள். ஆஸ்பெஸ்டாஸ் பயத்தில் அந்த வேலை மறைந்தே போனது. இப்போது ஓடி ஓடித் தேய்ந்து பொருந்தும்வரை பிரேக் கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும்.

பலரும் பார்க்காமல் விடும் இடம் பேக்கிங் பிளேட். ஷூவின் ஓரம் உரசிச் செல்ல அதில் மேடான திட்டுகள் இருக்கும். பல வருட ஓட்டத்தில் அவற்றில் பள்ளம் விழுந்துவிடும். ஷூ அந்தப் பள்ளத்தில் சிக்கி, திடீரென்று விடுபடும்போது 'டக்' என்று சத்தம் வரும், பிரேக் வெட்டிப் பிடிக்கும். வெல்டிங்கால் நிரப்பிச் சமமாகத் தேய்த்து, சூடு தாங்கும் கிரீஸைச் சிறு பொட்டாக வைத்தால் தீர்ந்தது. என்னைக் கேட்டால், கடையில் விற்கும் பாதி 'அப்கிரேடு' சாமான்களைவிட இந்த ஒரு வேலை அதிகம் பலன் தரும்.

மாட்டும்போது இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். லைனிங் குட்டையான ஷூ முன்பக்கம், நீளமானது பின்பக்கம். அதிக உழைப்பு பின்பக்க ஷூவுக்கு என்பதால் அப்படி. இரண்டு குட்டை ஒரு சக்கரத்திலும் இரண்டு நீளம் மறு சக்கரத்திலும் போய்விட்டால், மிதித்ததும் வண்டி ஒரு பக்கம் திரும்பும். இரண்டாவது, ஸ்டார் வீலின் மரை இடதுக்கும் வலதுக்கும் எதிரெதிர். வண்டி பின்னால் போகும்போது பிரேக் பிடித்தால் பின்பக்க ஷூ ஆங்கரை விட்டு விலகும். அந்த அசைவில் ஒரு சிறு நெம்புகோல் ஸ்டார் வீலைப் பல் பல்லாகத் திருப்பி, ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும். அட்ஜஸ்டரை மாற்றி மாட்டினால் ஒவ்வொரு முறையும் இடைவெளி கூடிக்கொண்டே போகும். ஒரு சக்கரத்தை முடிக்கும்வரை மறு சக்கரத்தைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டால் பார்த்து மாட்ட வசதி. பழைய டொயோட்டா பிக்கப்களில் கதை வேறு: அங்கே ஹேண்ட் பிரேக்கை இழுக்கும்போதுதான் அட்ஜஸ்டர் திரும்பும். ஹேண்ட் பிரேக்கே போடாமல் கியரில் நிறுத்திப் பழகியவரின் வண்டியில் பெடல் கீழே போய்க்கொண்டே இருக்கும்.

இடைவெளி ஏன் அவ்வளவு முக்கியம்? வார்ப்பிரும்பு டிரம் 200 டிகிரி சூடேறினால், 11 அங்குல விட்டத்தில் சுமார் 0.6 மில்லிமீட்டர் விரியும். விரிவது ஷூவை விட்டு விலகும் திசையில். பாரத்தோடு நீண்ட இறக்கத்தில் வரும்போது பெடல் மெல்ல மெல்லத் தாழ்வது அதனால்தான். டிஸ்க் சூட்டில் தடித்து பேடை நோக்கி வரும் என்பதால் அங்கே இந்தப் பிரச்சினை இல்லை. இதோடு பழைய பிரேக் ஆயிலும் சேர்ந்தால் ஆபத்து: டாட் 3 என்ற தரத்துப் பிரேக் ஆயிலின் குறைந்தபட்ச கொதிநிலை புதிதில் 205 டிகிரி, ஈரம் உறிஞ்சிய பிறகு 140.

இனி மேம்பாடு. பின் பிரேக்கை இன்னும் வலுவாக்கலாமா என்ற கேள்விக்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு. 2,000 கிலோ பிக்கப், காலியாக நிற்கும்போது பின் அச்சில் 840 கிலோ. அச்சுகளுக்கு நடுவே 3 மீட்டர். எடையின் மையம் 0.7 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 0.7 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.7 பங்கு) அளவுக்குப் பலமாக பிரேக் பிடித்தால் சுமார் 330 கிலோ முன்னால் சாய்ந்துவிடும். பின் டயர்கள் தாங்குவது 510 கிலோ மட்டுமே. பின் அச்சுக்கு மேல் 700 கிலோ ஏற்றி, மையத்தை 0.8 மீட்டர் என்று எடுத்தால் அதே பிரேக்கில் பின்னால் மிஞ்சுவது 1,030 கிலோவுக்கு மேல். ஆக, ஒரே வண்டியின் பின் பிரேக் ஒரு நாள் இரண்டு மடங்கு உழைக்க வேண்டும், மறுநாள் பாதியோடு அடங்க வேண்டும். அடங்காவிட்டால் பின் சக்கரம் முதலில் லாக் ஆகும், அதாவது சுழலாமல் நின்றுவிடும். லாக் ஆகி வழுக்கும் டயருக்குப் பக்கவாட்டில் பிடிமானம் இருக்காது. வண்டியின் வால் சுழன்று முன்னுக்கு வரப் பார்க்கும்.

இதை வைத்துப் பார்த்தால் பிரபலமான அப்கிரேடுகளின் மதிப்பு தெரியும். வீல் சிலிண்டரை 7/8 அங்குலத்திலிருந்து 1 அங்குலத்துக்கு மாற்றினால் பிஸ்டன் பரப்பு 30 சதவீதம் கூடும். விசையும் அவ்வளவு கூடும். தினமும் பாரம் ஏற்றும் வண்டிக்குச் சரி. காலியாக ஓடும் வண்டிக்கு அது மழைநாள் ஆபத்து. தவிர, பெடல் தள்ள வேண்டிய ஆயிலும் 30 சதவீதம் கூடுவதால் பெடல் இன்னும் ஆழமாக இறங்கும்.

பின்னால் டிஸ்க்குக்கு மாறினால் தண்ணீரில் நனைந்தாலும் சீக்கிரம் காயும், பேட் மாற்றுவது சுலபம், பிடிப்பு சீராக இருக்கும். நிற்கும் தூரம் பெரிதாகக் குறையாது. காலி பிக்கப்பில் பெரும் வேலை முன் சக்கரத்துடையது. கூடவே கவனிக்க வேண்டியவையும் உண்டு. பழைய டிரம் அமைப்புகள் பலவற்றில் மாஸ்டர் சிலிண்டருக்குள் (பெடல் ஆயிலைத் தள்ளும் முதன்மை உருளை) ஒரு வால்வு, கப் விளிம்பு மூடியே இருப்பதற்காக லைனில் 10 பிஎஸ்ஐ அளவு அழுத்தத்தைத் தேக்கி வைக்கும். அதை எடுக்காமல் டிஸ்க் மாட்டினால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே சூடேறும். ஹேண்ட் பிரேக்குக்கும் தனி ஏற்பாடு வேண்டும்.

பாரத்துக்கேற்ப மாறும் இந்தப் பிரச்சினைக்கு நேரான தீர்வு, பாரத்தை உணரும் வால்வுதான். பழைய டொயோட்டா பிக்கப்களில் பார்க்கலாம்: சட்டத்தில் வால்வு, அதிலிருந்து பின் அச்சுக்கு ஒரு கம்பி. பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் பின்னால் போகும் அழுத்தம் கூடும். வண்டியை உயர்த்தி சஸ்பென்ஷன் மாற்றுகிறவர்கள் இந்தக் கம்பியின் இணைப்பையும் அதே அளவு உயர்த்த வேண்டும். இல்லையென்றால் ஒரு டன் ஏற்றினாலும் வண்டி காலி என்றே வால்வு நினைத்துக்கொள்ளும்.

சி10 போன்ற வண்டியில் அந்த வசதி இல்லாததால், கையால் திருகும் அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வைப் பின் லைனில் போடலாம். பின் அழுத்தம் நன்றாகக் குறையும் நிலையில் தொடங்கி, ஆளில்லாத திறந்த மைதானத்தில் காலி வண்டியைக் குறைந்த வேகத்தில் ஓட்டி பலமாக மிதித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் பக்கத்தில் தள்ளி நின்று எந்தச் சக்கரம் முதலில் லாக் ஆகிறது என்று பார்த்துச் சொல்ல, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து வரலாம். முன் சக்கரம் லாக் ஆன பிறகே பின் சக்கரம் லாக் ஆக வேண்டும். வரிசை மாறிய அந்த இடத்திலிருந்து ஒரு சுற்று பின்வாங்கி, ஈரத் தரையிலும் ஒருமுறை பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.