கார்ட்ரிட்ஜ் வாங்குமுன் டோன் ஆர்மைப் பாருங்கள்

இசைத்தட்டு பிளேயரில் ஊசி பொருந்திய சிறு பெட்டிதான் கார்ட்ரிட்ஜ்; அதைத் தட்டின்மேல் தாங்கி நிற்கும் கைதான் டோன் ஆர்ம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கார்ட்ரிட்ஜாக இருந்தாலும், பொருந்தாத டோன் ஆர்மில் மாட்டினால் சொதப்பும். ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டு, கார்ட்ரிட்ஜின் உள்ளே ஒரு சிறு ரப்பர் வளையத்தில்தான் பொருந்தியிருக்கிறது. அந்த ரப்பர் ஒரு ஸ்பிரிங். அதன்மேல் கார்ட்ரிட்ஜ், ஆர்ம் இரண்டின் நிறையும் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரிங்கும் நிறையும் சேர்ந்தால் அவற்றுக்கென்று ஓர் ஒத்ததிர்வு அதிர்வெண் வந்துவிடும்.

அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் விழுவது நல்லது. மிகவும் குறைந்தால், நெளிந்த இசைத்தட்டின் மேடுபள்ளங்கள் ஆர்மை ஊஞ்சலாட்டும். பாட்டே இல்லாத இடத்திலும் ஸ்பீக்கரின் வூஃபர் முன்னும் பின்னும் துடிப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கூடினால் பாட்டின் கீழ்ஸ்தாயிக்குள் புகுந்து பேஸைக் கெடுக்கும்.

கணக்கு சுலபம். ஆர்மின் பயனுறு நிறை (ஆர்ம் அசையும்போது ஊசி முனை உணரும் நிறை), கார்ட்ரிட்ஜ், திருகுகள் ஆகியவற்றைக் கிராமில் கூட்டுங்கள். அதை கார்ட்ரிட்ஜின் கம்ப்ளையன்ஸ் எண்ணால் (அந்த ரப்பர் ஸ்பிரிங் எவ்வளவு எளிதில் வளையும் என்பதன் அளவு) பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 159-ஐ அதனால் வகுத்தால் விடை ஹெர்ட்ஸில் வரும். 11 கிராம் ஆர்மில் ஆர்டோஃபோன் 2எம் புளூவை மாட்டுவதாக வைத்துக்கொள்வோம்: கார்ட்ரிட்ஜ் 7.2 கிராம், திருகுகள் சுமார் 0.8, ஆக மொத்தம் 19. கம்ப்ளையன்ஸ் 20. விடை ஏறக்குறைய 8.2 ஹெர்ட்ஸ். விளிம்பில் நின்றாலும் பாதகமில்லை.

ஜப்பானியத் தயாரிப்புகளில் ஒரு பொறி உண்டு. வானொலி நிலையப் பயன்பாட்டுக்கென 1960-களில் ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே-வுக்காக உருவான டெனான் டிஎல்-103-இன் கம்ப்ளையன்ஸ் 5 என்று போட்டிருக்கும். அது 100 ஹெர்ட்ஸில் அளந்தது. நமக்கு வேண்டியதோ 10 ஹெர்ட்ஸ் மதிப்பு. தோராயமாக 1.5 முதல் 2 மடங்கு ஆக்கிக்கொள்ள வேண்டும். 8.5 கிராம் எடையுள்ள இதை அதே ஆர்மில் போட்டால் 11 முதல் 13 ஹெர்ட்ஸ் வரும். கார்ட்ரிட்ஜை மாட்டும் ஆர்மின் முனையான ஹெட்ஷெல்லில் 4 கிராம் தகடு ஒன்றைச் சேர்த்தால் 10 முதல் 12-க்கு இறங்கிவிடும், பின்பக்க எதிரெடை அதைச் சமாளிக்குமானால்.

அடுத்தது மின்சுமை: கார்ட்ரிட்ஜின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் போனோ பிரீஆம்பும் அதற்குச் செல்லும் கேபிளும் கார்ட்ரிட்ஜுக்கு முன் வைக்கும் மின்தடையும் மின்தேக்குத்திறனும். ஊசியோடு காந்தம் அசையும் மூவிங் மேக்னட் வகைக்கு மின்தடை 47 கிலோ ஓம் என்பது எல்லாருக்கும் தெரியும். கோட்டைவிடுவது மின்தேக்குத்திறனில்தான். இந்த வகையைச் சேர்ந்த 2எம் புளூவின் சுருளில் 700 மில்லிஹென்றி மின்தூண்டம் இருக்கிறது. அதோடு மொத்தம் 200 பிகோஃபாரட் மின்தேக்குத்திறன் சேர்ந்தால் ஒத்ததிர்வு சுமார் 13.5 கிலோஹெர்ட்ஸில் நிற்கும்; 400 ஆனால் 9.5-க்கு வந்துவிடும். அங்கே சத்தம் கூர்மையாகி, அதற்கு மேலே சரிந்துபோகும். மீட்டருக்கு 100 பிகோஃபாரட் உள்ள ஒரு மீட்டர் கேபிளும் 220 உள்ள போனோ பிரீஆம்பும் சேர்ந்தாலே 300-ஐத் தாண்டிவிடும். 2எம் புளூவுக்குப் பரிந்துரை 150 முதல் 300. 'கார்ட்ரிட்ஜ் கூச்சலிடுகிறது' என்ற புகார்கள் பல கேபிளின் குற்றம்.

ஊசியோடு சுருள் அசையும் மூவிங் காயில் வகைக்கு மின்தேக்குத்திறன் பெரிதாகப் பொருட்டில்லை. சிக்கல் சிக்னலின் அளவில். இந்த வகையான டிஎல்-103 தருவது 0.3 மில்லிவோல்ட், புளூ தருவது 5.5. ஆகவே 40 டெசிபல் பெருக்கம் போதாது, 60-க்கு மேல் வேண்டும். அந்த அளவில் இரைச்சலில்லாத பிரீஆம்புக்குப் பணம் ஒதுக்க முடியாவிட்டால், நல்ல மூவிங் மேக்னட்டே புத்திசாலித்தனம்.

ஊசி முனையின் வடிவத்தைத் தட்டின் உட்பகுதி தீர்மானிக்கிறது. 33⅓ சுழற்சியில் வெளிவிளிம்பில் பள்ளம் விநாடிக்கு சுமார் 51 செ.மீ. ஓடும், உள்ளே, 6 செ.மீ. ஆரத்தில், 21 மட்டுமே. அங்கே 15 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 14 மைக்ரான்தான். 16 மைக்ரான் ஆரமுள்ள உருண்டை முனை அதற்குள் எப்படி நுழையும்? ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டில் 'ச' ஒலிகள் கரகரப்பதற்கு இது முக்கியக் காரணம். நீள்வட்ட முனை இதைக் குறைக்கும், ஷிபாட்டா போன்ற மெல்லிய விளிம்பு முனை இன்னும் குறைக்கும். ஆனால் மெல்லிய விளிம்பு சாய்வுக் கோணத்தில் பிழை பொறுக்காது. கோண அளவித் தகடும் 0.01 கிராம் துல்லியமுள்ள தராசும் வைத்துப் பொருத்தப் பொறுமையில்லாதவருக்கு நீள்வட்டமே போதும்.

ஊசி தட்டின்மேல் அழுத்தும் அழுத்தத்தைத் தயாரிப்பாளர் தந்த வரம்பின் மேல்பாதியில் வையுங்கள். குறைத்தால் ஊசி பள்ளச் சுவரை விட்டுத் துள்ளி மோதும். தட்டு தேய்வது அப்போதுதான் அதிகம்.