142857: எந்த நிறுத்தத்தில் ஏறினாலும் அதே பஸ்

போன வாரம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, முன்பு பால்மரம் வெட்டிய பெரியவர் ஒருவர் ஒரு துண்டு அட்டையை நீட்டினார். அதில் 142857. "வாத்தியாரே, இதை எதால பெருக்கினாலும் அதே இலக்கம்தான் இடம் மாறி வருதாம். சாமி நம்பருங்கிறாங்க. நெசமா?"

பெருக்கிப் பார்த்தோம். 2-ஆல் 285714, 3-ஆல் 428571, 4-ஆல் 571428, 5-ஆல் 714285, 6-ஆல் 857142. ஏழால் பெருக்கினால் சட்டென்று 999999.

சாமியை விட்டுவிடுவோம். 1-ஐ 7-ஆல் வகுத்தால் 0.142857142857... என்று வரும் அல்லவா, அதே எண்தான் இது. அந்த வகுத்தலில் விடையைப் பார்க்காதீர்கள், மீதியைப் பாருங்கள். 10-இல் ஏழு ஒரு தடவை, மீதி 3. 30-இல் நாலு தடவை, மீதி 2. இப்படியே 6, 4, 5, கடைசியில் மறுபடி 1. ஏழால் வகுத்தால் மீதியாக வரக்கூடியவை 1 முதல் 6 வரைதான். ஆறும் ஒரு முறை வந்துவிட்டன. இனி பழைய பாதைதான்.

தோட்டங்களைச் சுற்றி வரும் பஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தங்கள் 1, 3, 2, 6, 4, 5. ஏழில் மூன்று என்றால் 3-ஆம் எண் நிறுத்தத்தில் ஏறுகிறோம். பாதை மாறாது, 428571. பெருக்கல் என்பது ஏறும் இடத்தை மாற்றுவது, அவ்வளவுதான்.

எனக்கு இதைவிடப் பிடித்தது, சுற்றின் பாதியில் இருக்கிறது. மூன்று நிறுத்தம் தள்ளிப் பார்த்தால் 1-க்கு எதிரே 6, 3-க்கு எதிரே 4, 2-க்கு எதிரே 5. ஒவ்வொரு ஜோடியையும் கூட்டினால் 7. அதனால்தான் இலக்கங்களும் எதிரெதிரே 9 ஆகின்றன: 142 + 857 = 999.

13-க்கு ஒரு பஸ் போதாது. அதன் 12 மீதிகளும் இரண்டு சுற்றுகளாகப் பிரிந்துவிடும்: ஒன்று 076923, மற்றது 153846. 17-க்கோ மறுபடி ஒரே பஸ், 16 நிறுத்தம்: 0588235294117647. முன்னால் உள்ள பூஜ்ஜியத்தை விட்டுவிடக் கூடாது.

ஒரே பஸ்ஸில் முடிகிற பகா எண்கள் நூறுக்குள் ஒன்பது. முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்குமா? இருக்கும், பகா எண்களில் ஏறக்குறைய 37 விழுக்காடு அப்படித்தான் என்கிற கணிப்பு, கணித அறிஞர் எமில் ஆர்ட்டின் 1927-இல் சொன்னதிலிருந்து வருகிறது. முழு நிரூபணம் இன்னும் இல்லை. இதற்கெல்லாம் பல்கலைக்கழகத்தில் சம்பளமா என்று கேட்பவர்கள் நாலு இலக்க லாட்டரி விற்கும் நம்பர் கடையில் வாராவாரம் விடுகிற காசை ஒரு தடவை எண்ணிப் பார்க்கலாம்.

பெரியவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அப்புறம், "அப்ப 2857 எடுக்கலாமா?" என்றார். முதல் பரிசுக்குப் பத்தாயிரத்தில் ஒன்று, 0000-க்கு இருக்கிற அதே வாய்ப்புதான் என்றேன். அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.