பொங்கலுக்கு முன் பெயின்ட் அடிக்கும் அவசரம்

மார்கழி பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "சார், பெட்ரூம் சுவரெல்லாம் கறுப்புப் புள்ளி. பொங்கலுக்குள்ள அடிச்சு முடிக்கணும், எந்தப் பெயின்ட் நல்லது?" சென்னையில் கட்டட ஈரக்கசிவைச் சரிசெய்யும் பொறியாளன் நான். இப்போதைக்கு எந்தப் பெயின்ட்டும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பலருக்கு அது பிடிப்பதில்லை.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சுவரை நனைக்கிறது. பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் சுவருக்குள் அந்த ஈரம் அப்படியே இருக்கும். நம் பாட்டி காலத்திலும் அப்போதுதான் வெள்ளையடித்தார்கள், சரி. ஆனால் அது சுண்ணாம்பு. அதன் காரத்தில் இந்தக் கறுப்புப் பூஞ்சை எளிதில் வளராது, ஈரமும் அதன் வழியே வெளியேறிவிடும். இன்று சுவரை வழவழப்பாக்கப் பூசும் பட்டியும், அதன் மேல் அடிக்கும் எமல்ஷன் பெயின்ட்டும் ஈரத்தை அவ்வளவு லேசில் வெளியே விடாது. ஓதம் உள்ளே தங்கி, பெயின்ட் கொப்பளித்து, அடுத்த மழைக்கு அதே இடத்தில் பூஞ்சை வரும்.

வேளச்சேரியில் ஒரு வீட்டில் மூன்று வருடம் தொடர்ந்து இப்படி அடித்திருந்தார்கள். அந்தச் சுவரை ஒட்டிப் படுக்கும் குழந்தைக்கு இரவெல்லாம் இருமல், வீசிங். பீரோவை நகர்த்தினால் பின்னால் முழுக்கக் கறுப்பு. ஓர் அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டேன். சுவரை ஒட்டிய பக்கம் வியர்த்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் வியர்த்தால் காற்றின் ஈரம். அங்கே சுவர்ப் பக்கம்தான் வியர்த்திருந்தது. சுவருக்கு அந்தப் புறம் குளியலறை, டைல்ஸ் இடுக்குகளில் பூச்சு போயிருந்தது. ஒவ்வொரு குளியலுக்கும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

காற்றின் ஈரம்தான் காரணமென்றால் வேலை சுலபம். அறைக்குள் துணி காயப்போடாதீர்கள். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். குளித்த பிறகும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கி, 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். கொட்டும் மழையில் ஜன்னலைத் திறந்தால் ஈரம்தான் உள்ளே வரும், வெயில் அடிக்கும்போது திறங்கள்.

பூஞ்சையை எடுக்கும்போது உலர்ந்த துடைப்பத்தால் தட்டவே தட்டாதீர்கள். வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும். என்95 மாஸ்க், கையுறை போட்டு, முதலில் நனைத்து, சோப்புத் தண்ணீரில் தேய்த்து எடுங்கள். டைல்ஸ், கண்ணாடிக்கு இதுவே போதும். பட்டிக்குள் இறங்கிவிட்டால் சிமென்ட் பூச்சு தெரியும்வரை சுரண்ட வேண்டும். பூஞ்சை பிடித்த மெத்தையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், மனசு கேட்காதுதான். அப்புறம் ஒன்று, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்: பிளீச்சிங் பவுடரையும் டாய்லெட் கழுவும் ஆசிடையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. கறை 10 சதுர அடிக்கு மேல் பரவியிருந்தாலோ, வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தாலோ நீங்களே இறங்க வேண்டாம், ஆள் வைத்துச் செய்யுங்கள்.

வேளச்சேரி வீட்டில் டைல்ஸ் இடுக்குகளை எபாக்ஸி என்ற தண்ணீர் புகாத பசை கொண்டு அடைத்து, பட்டியைச் சுரண்டிவிட்டு, சுவரைக் காய விட்டோம். "பொங்கலுக்கு வர்றவங்க என்ன நினைப்பாங்க" என்று அந்த அம்மாவுக்குக் கூச்சம். பொங்கலன்று அந்தச் சுவர் வெறும் சிமென்ட் பூச்சோடுதான் நின்றது. மாசியில் மறுபடி பிளாஸ்டிக் தாள் ஒட்டினேன், லேசாக வியர்த்தது. பங்குனியில் ஒட்டியபோது காய்ந்திருந்தது. அதன் பிறகுதான் பெயின்டரைக் கூப்பிட்டோம்.