தக்காளிக்குப் போய்ச் சேராத சுண்ணாம்பு கோழிக்கு எப்படிக் கிடைக்கிறது?

"மாடித் தொட்டியில் நாட்டுத் தக்காளி வைத்திருக்கிறேன். காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகுகிறது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டும் பயனில்லை. வீட்டு வெடைக்கோழி போன வாரம்தான் முதல் முட்டை இட்டது. அதுவும் ஓடில்லாத தோல்முட்டை. பக்கத்து வீட்டில் கண்ணேறு என்கிறார்கள்" என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கண்ணேறும் இல்லை, ராசியும் இல்லை. செடியிலும் கோழியிலும் சிக்கல் ஒன்றுதான்: சுண்ணாம்புச் சத்தான கால்சியம், தேவைப்பட்ட இடத்துக்கு, தேவைப்பட்ட நேரத்தில் வந்து சேரவில்லை.

தக்காளியை முதலில் முடித்துவிடுவோம். வேர் உறிஞ்சிய கால்சியம் தண்ணீரோடு சைலம் குழாய்களில் ஏறுகிறது. அந்த நீரோட்டத்தை மேலே இழுப்பது இலைத்துளைகளில் நடக்கும் நீராவிப்போக்கு. இலையில் துளைகள் ஏராளம். தக்காளியின் தோலில் அவை கிடையாது. எனவே தண்ணீரும் அதில் கரைந்த கால்சியமும் பெரும்பாலும் இலைக்கே போகின்றன. காய்க்கு வேண்டிய சர்க்கரை, உணவைக் கடத்தும் புளோயம் என்ற வேறு குழாய்கள் வழியே வந்துவிடும். கால்சியமோ புளோயத்தில் அநேகமாக நகர்வதே இல்லை. இலையில் ஒருமுறை படிந்ததைத் திரும்ப எடுத்துக் காய்க்கு அனுப்பச் செடிக்கு வழியில்லை. காய் வேகமாகப் பருக்கும் நாட்களில், காம்புக்கு எதிர்முனையில் இருக்கும் செல்கள் கால்சியம் இல்லாமல் நெகிழ்ந்து சிதைகின்றன. கறுப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இரண்டு நாள் மண்ணைக் காயவிட்டு மூன்றாம் நாள் தொட்டி வழிய ஊற்றுவதுதான் பெரும்பாலான மாடித்தோட்டங்களில் இதற்குக் காரணம். முட்டை ஓடு கால்சியம் கார்பனேட். கரைய அமிலம் வேண்டும். நம் ஊரின் கார மண்ணில் அது மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். மண்ணுக்கு மூடாக்குப் போட்டு, தினமும் அளவாகத் தண்ணீர் விட்டால் அடுத்த காய்கள் தேறும். சான் மார்சானோ போன்ற நீளக்காய் ரகங்களில் இந்த அழுகல் கூடுதலாகத்தான் வரும். ஆனால் இது விதை வழியே பரவும் நோய் அல்ல. தக்காளிப் பூ பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை செய்வதால், அதே செடியின் நல்ல பழத்திலிருந்து நாட்டு விதையைத் தாராளமாக எடுத்து வைக்கலாம். பெரியகுளத்தில் அண்ணஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து உருவாக்கிய பி.கே.எம். 1 ரகத்துக்கும் இது பொருந்தும்.

இனிக் கோழி. எனக்கு இங்கேதான் நேரம் போவதே தெரியாது.

60 கிராம் முட்டை ஒன்றின் ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கிறது. ஒரு கோழியின் எலும்புக்கூடு முழுவதையும் சேர்த்தாலே சுமார் 20 கிராம்தான். உடலில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கை ஒரே முட்டைக்குக் கொடுத்தாக வேண்டும். மஞ்சள் கரு சினைப்பையிலிருந்து விடுபட்டு வெள்ளைக்கரு போர்த்தி, சவ்வு சுற்றி வர நாலைந்து மணி நேரம் போதும். பிறகு ஓட்டுச் சுரப்பியில் ஏறத்தாழ 20 மணி நேரம் தங்குகிறது. அந்தச் சுரப்பி கால்சியத்தை முன்கூட்டிச் சேர்த்து வைப்பதில்லை. அவ்வப்போது ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஓடு மும்முரமாகப் படியும் வேளையில், கோழியின் ரத்தத்தில் ஓடும் மொத்தக் கால்சியமும் கால் மணி நேரத்துக்குக்கூடக் காணாது. அந்த மும்முரம் பெரும்பாலும் இரவில் நடக்கிறது. கோழியோ பஞ்சாரத்துக்குள் கண்மூடிப் படுத்திருக்கிறது. ஒரு மணி தானியம்கூடக் கொத்தவில்லை.

அப்படியானால் எங்கிருந்து வருகிறது? கால் எலும்பிலிருந்து.

வெடைக்கோழியின் கொண்டை சிவந்து பெரிதாகும்போது உள்ளே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறுகிறது. முதல் முட்டைக்குச் சுமார் இரண்டு வாரம் முன்பு, தொடை எலும்பிலும் அதற்குக் கீழுள்ள கால் எலும்பிலும் மஜ்ஜை இருக்கும் பொந்துக்குள் புதிதாக ஓர் எலும்பு முளைக்கிறது. முள்முள்ளாக, ஒழுங்கற்ற வலைபோல, ரத்தக் குழாய்கள் நிறைந்து இருக்கும் இதற்கு மெடுல்லரி எலும்பு என்று பெயர். உடலின் பாரத்தைத் தாங்குவதில் இதற்குப் பெரிய பங்கில்லை. சேர்ப்பதும் கொடுப்பதும்தான் இதன் வேலை. அறுவடையில் நிரப்பி, தேவைக்கு அள்ளும் குதிர் மாதிரி. இரவில் எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் இதைக் கரைத்து ரத்தத்தில் விடுகின்றன. ஓடு முடிந்ததும் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் மறுபடி கட்டுகின்றன. முட்டையிடும் காலம் முழுக்க இந்த இடிப்பும் கட்டுமானமும் ஓய்வதில்லை. இலையில் வைத்ததைத் திரும்ப எடுக்கத் தெரியாத தக்காளிக்கும், தன் எலும்பையே இரவில் கரைத்துப் பகலில் கட்டும் கோழிக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்!

இதை முதலில் விவரித்தது 1934-இல், புறாக்களில். புறாவின் மஜ்ஜையைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று அன்று நிதி ஒதுக்குபவர்கள் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க முடியாது. 2005-இல் பதில் வந்தது. அமெரிக்காவின் மொன்டானாவில் கிடைத்த டைரனோசாரஸ் ரெக்ஸ் என்ற டைனோசரின் தொடை எலும்பை, ஹெலிகாப்டரில் ஏற்ற முடியாத பாரம் என்பதால், உடைத்து எடுத்துப்போக வேண்டியதாயிற்று. உடைந்த எலும்பின் உட்பக்கத்தை ஆராய்ந்த தொல்லுயிர் ஆய்வாளர் மேரி ஷ்வைட்சர் குழுவினர், மெடுல்லரி எலும்பை ஒத்த படலத்தைக் கண்டார்கள். 6.8 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அந்த விலங்கு முட்டையிடும் பருவத்தில் இருந்த பெண் என்று சொல்ல முடிந்தது. முதலைகளில் இந்த எலும்பு இல்லை, பறவைகளில் உண்டு. இந்த விஷயத்தில் அந்த டைனோசர் பறவைகளின் பக்கம். உடனே என்ன லாபம் என்று கேட்டு ஆய்வுக்குப் பணம் கொடுக்கும் வழக்கம் நம் நாட்டில் வலுத்துவருவது எனக்குக் கவலையாக இருக்கிறது. நம் நாட்டுக்கோழிகளின் எலும்பைப் பற்றியே நாம் இன்னும் நிறையப் படிக்க வேண்டியிருக்கிறது.

கால்சியம் ஓட்டின் பாதிக் கதைதான். கார்பனேட் பகுதி, கோழி தன் உடலில் உண்டாக்கும் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருகிறது. கத்திரி வெயிலில் கோழி வாய்திறந்து இளைக்கும்போது அந்த வாயு வெளியேறிவிடும், ஓடு மெலியும். 1980-களில் அமெரிக்க ஆய்வாளர்கள் வெப்பத்தில் வைத்த கோழிகளுக்குச் சோடாத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள், ஓடு தேறியது. நமக்கு நிழலும் குளிர்ந்த தண்ணீரும் போதும்.

ஆக, வாசகியின் வெடைக்கோழி இட்ட தோல்முட்டைக்கு வருவோம். முட்டையிடத் தொடங்கும் நாட்களில் சினைப்பையும் ஓட்டுச் சுரப்பியும் இன்னும் ஒத்திசைந்திருக்காது. முட்டை ஓடு படியும் முன்பே வெளியே வந்துவிடுவதுண்டு. ஒன்றிரண்டு வந்தால் பயப்பட வேண்டாம். தொடர்ந்தால், கிளிஞ்சலை நொறுக்கித் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். மாவாக அரைக்க வேண்டாம். நெல்மணி அளவுத் துண்டுகள் இரைப்பையில் தங்கி, இரவு முழுக்க மெதுவாகக் கரையும். எவ்வளவு வேண்டும் என்பது கோழிக்கே தெரியும். முட்டை ஓடு உருவாகும் நாளின் மாலையில் தேடி வந்து கொத்தும். தக்காளித் தொட்டியில் போட்ட ஓட்டை வறுத்து நொறுக்கிக் கோழிக்கே கொடுங்கள், அதன் வயிற்றில் அமிலம் இருக்கிறது. ஆனால் கொண்டை சிவக்காத குஞ்சுக்கு முட்டைக்கோழித் தீவனம் போடாதீர்கள். அதிலுள்ள 4 சதவீதம் வரையான கால்சியம் இளம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முட்டையிடும் காலத்தில் கோழி புதிதாகக் கட்டுவது மெடுல்லரி எலும்பை மட்டுமே. உடலைத் தாங்கும் கெட்டி எலும்பும் சிறிது சிறிதாக அரிபடும், ஆனால் அது அப்போது திரும்ப வளராது. ஆண்டுக்கு 300 முட்டை இடும் பண்ணைக் கோழிகளின் எலும்பு எளிதில் முறிவது இதனால்தான். முட்டை நின்று ஈஸ்ட்ரோஜன் தணிந்த பிறகே கெட்டி எலும்பு மறுபடி வளரும். நாட்டுக்கோழி 21 நாள் அடைகாத்து, பிறகு குஞ்சுகளோடு திரியும் இரண்டு மூன்று மாதமும் முட்டையிடாமல் இருப்பதை நாம் நட்டமாகப் பார்க்கிறோம். அடை தெளியட்டும் என்று தண்ணீரில் முக்கி எடுக்கிறோம். அந்த மாதங்களில்தான் அதன் கால் எலும்பு கெட்டிப்படுகிறது. வருடத்துக்கு ஒருமுறையாவது முக்காமல் விடுங்கள்.